வாய் தவறி வந்த ‘நீ’

இரண்டு எழுத்து குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள், அன்று காலை மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் அவர் மனைவியை, கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுத்தபடி விட்டுவிட்டு வந்தோம். போனின் அந்தப் பக்கம் பேசியது பதிப்பகத்து அம்மாள். வேறு ஊரில் இருக்கிற அந்தப் பதிப்பகத்துக்காக அவள் ஒரு பழைய நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலு மாதம் இங்கேயே வந்து தங்குங்கள், அதே எழுத்தாளரின் மற்ற நாவல்களையும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடலாம், தங்க இடம் உண்டு, சம்பளம் உண்டு என்று அந்த அம்மாள் அழைத்தது யாருக்கும் தெரியாது. கரும்பு தின்னக் கூலியா என்றுதான் அவள் மனசு குதித்தது. ஆனால் புருஷனிடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒரு வாரத்தை மென்று முழுங்கிவிட்டாள். பதிப்பகத்தார் கொடுத்த கெடு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

அவளுக்கு இந்த வீட்டில் பெயர் ‘அகராதி’. வைத்தவள் நாத்தனார். எந்நேரமும் அகராதியும் கையுமாக இருக்கிறாளே, அதனால்தான் என்று வெளியாரிடம் விளக்கம் சொல்வாள். அகராதி பிடித்தவள் என்கிற இன்னொரு அர்த்தமும் அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இந்த நாத்தனார் மருந்துக்கடைக்காரருக்கு மூத்தவள். முழங்கால் வைத்தியத்துக்காகத் தம்பி வீட்டுக்கு வந்தவள், வலி குறைந்த பிறகும் திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

அன்று அகராதி விடிவதற்கு முன்பே எழுந்து வேலையில் உட்கார்ந்துவிட்டாள். நாவலில் ஒரு மனைவி தன் கணவனிடம் முதல் தடவையாக மனசைத் திறந்து பேசுகிற இடம். அந்தப் பேச்சையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

மேசையில் புருஷன் இருந்தார், நாத்தனார் இருந்தாள். மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவரும் இருந்தார். கடை திறந்துவிட்டால் கூட்டத்தில் பேச முடியாது என்று வீட்டுக்கே வந்தவர், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடியே இரண்டாவது கோப்பை காபியில் இருந்தார்.

“இன்னொரு ரொட்டி எடுத்துக்கோ” என்றாள் அகராதி, புருஷனிடம். “நீ சரியாவே சாப்பிடல.”

விற்பனையாளர் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரரின் காது மடல் சிவந்தது. அவர் ரொட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் அவர் அவளை ‘நீ’ என்பார். அவள் அவரை ‘நீங்க’ என்பாள். மகள் பிறந்து, வளர்ந்து, படிக்க வெளியூர் போன அத்தனை வருஷத்திலும் இது ஒரு நாள் கூடப் பிசகியதில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனை ‘டா’ போட்டே கூப்பிடுகிறார்களே என்று நீங்கள் சொல்லலாம். அதை நாத்தனாரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

“யாரைச் சொன்னே?” என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் அகராதிக்கு உறைத்தது. அது கதையில் வருகிற பேச்சு, காலையிலிருந்து அதுவே வாயில் இருந்ததால் வந்துவிட்டது என்று தடுமாறிச் சொன்னாள்.

“கதையில சொல்றவ கதையிலயே சொல்லிக்கட்டும். இங்க சாப்பிடறது என் தம்பி.”

மருந்துக்கடைக்காரர், விடுக்கா, நாக்குக்கு எலும்பா இருக்கு என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. விற்பனையாளர் கடையில் வந்து பார்ப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார். அவருக்குத் தொழிலே வாய்தான். தெரு முனை திரும்புவதற்குள் அந்த ரொட்டிக்குக் கண் காது மூக்கெல்லாம் முளைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அகராதிக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்த ‘நீ’யில் அவமரியாதை எதுவும் இல்லை. எதிரில் இருக்கிற மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லையே என்ற கரிசனம்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அண்ணாந்து பார்த்துப் பேசியவள் ஒரு தடவை நேராகப் பார்த்துப் பேசிவிட்டாள். கழுத்து வலி விட்ட மாதிரி இருந்தது.

அதனாலேயே அவளுக்கு அன்று ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவள் வேலை பார்க்கிற அறை, உண்மையில் கடையின் உபரிச் சரக்கு வைக்கிற அறை. ஒரு சுவர் முழுக்க இருமல் மருந்துப் பெட்டிகள். எதிர்ச்சுவரில் குழந்தைகளுக்கான பவுடர் டப்பாக்கள். நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் தெரிகிற ஒரு ஜன்னல். கடையில் சரக்குத் தீர்ந்தால் மருந்துக்கடைக்காரர் உள்ளே வருவார். “நீ பாட்டுக்கு எழுது, நீ பாட்டுக்கு எழுது” என்று சொல்லிக்கொண்டே அவள் தலைக்கு மேலாக ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டு போவார். அவர் போன பிறகு அவள் அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பாவம், நல்ல மனுஷன். கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றாததும் கெட்ட எண்ணத்தால் இல்லை. அது அவருடைய சரக்கறை.

நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியது. ஒரு மர வியாபாரியின் மனைவியைப் பற்றியது. வியாபாரி தங்கமானவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், கேட்டதை வாங்கிக் கொடுப்பான். அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றங்கரைக்குத் தனியாகப் போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வர வேண்டும். காற்று அடிக்குமே, சேறாக இருக்குமே, படகுக்காரர்கள் பார்ப்பார்களே என்று அவன் யோசிக்கிறான். கடைசியில் ஒரு நாள், அவளை அசத்திவிட வேண்டும் என்று, வீட்டிலேயே ஆறு தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்துவிடுகிறான்.

கட்டி முடித்த அறையில் அவளை நிற்க வைத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான். அவள் சொல்கிற பதில்தான் அகராதியை விடியலிலிருந்து ஆட்டிப் படைத்தது. ஆற்றுக்குப் போக வழி கேட்டேன், நீ ஜன்னல் வைத்துக் கொடுத்தாய் என்கிறாள்.

நீயா, நீங்களா? நாவலின் மூல மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். கடவுளுக்கும் அதுதான், கழுதைக்கும் அதுதான். தமிழில் அப்படித் தப்பிக்க வழியில்லை. வாயைத் திறந்த மாத்திரத்தில் யார் மேலே, யார் கீழே என்று சொல்லியாக வேண்டும். இதுவரை எல்லா அத்தியாயத்திலும் அந்த மனைவியை ‘நீங்கள்’ என்றே பேச வைத்தாகிவிட்டது. ஆனால் இந்த இடத்தில் ‘நீங்கள் ஜன்னல் வைத்துக் கொடுத்தீர்கள்’ என்று எழுதிப் பார்த்தால், பாராட்டு விழாவில் நன்றி சொல்கிற மாதிரி இருந்தது.

எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். எழுந்து பவுடர் டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். அவை முன்பே வரிசையாகத்தான் இருந்தன.

போன் வந்தது. பதிப்பகத்து அம்மாள், இன்று சொல்லிவிடுவீர்கள் இல்லையா, இன்னொருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். சாயங்காலம் சொல்கிறேன் என்ற அகராதி, கூடவே இந்த நீ, நீங்கள் சிக்கலையும் கேட்டு வைத்தாள். அந்த அம்மாள் சிரித்தார். எதைப் போட்டாலும் மொழிபெயர்ப்பில் தப்பில்லை, ஆனால் எதைப் போட்டாலும் பழி உங்கள் மேல்தான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, இருமல் மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். வந்த நாள் முதல் இது நடக்கிறது. நாத்தனாருக்குக் கதைப் பைத்தியம். காலை வைத்தியம் முடிந்ததும் வந்து உட்கார்ந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லச் சொல்வாள். இன்று வரமாட்டாள் என்று அகராதி நினைத்திருந்தாள். கோபம் கோபமாக இருக்கட்டும், கதை நிற்கக் கூடாது என்பது நாத்தனாரின் கட்சி.

“அவ அப்படி நீன்னு சொன்னதுக்கு அவன் என்ன பண்ணினான்?”

“ஒண்ணும் சொல்லல அண்ணி. விளக்கை எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டான்.”

“அப்புறம்?”

“மறுநாள் அவ யாருகிட்டயும் சொல்லாம ஆத்தங்கரைக்குப் போறா. ரொம்ப தூரம் நடக்கறா. மழையில நனையறா. காய்ச்சல் வந்து செத்துப் போயிடறா.”

நாத்தனாருக்குப் புரியவில்லை. ஆற்றில் விழுந்தாளா என்று கேட்டாள். இல்லை, நடந்தாள், அவ்வளவுதான் என்றாள் அகராதி.

“நடந்ததுக்கா சாவு?”

அந்தக் காலத்து நாவலாசிரியர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு. வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறவளின் மனசை வரி வரியாக எழுதுவார்கள், படிக்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். கதவு வரைக்கும் அருமையாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கதவைத் தாண்டிவிட்டவளை என்ன செய்வது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தண்ணீரில் தள்ளுவார்கள், விஷத்தைக் கையில் கொடுப்பார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் காய்ச்சலில் படுக்க வைத்துவிடுவார்கள். தாண்டிப் போனவள் மறுநாள் காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்ததாக யாரும் எழுத மாட்டார்கள்.

நாத்தனார் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, காலமாகிவிட்ட தன் கணவரைப் பற்றிச் சொன்னாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து அவரை நான் நீங்கன்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில கடைசி நாள். எனக்கு ஒண்ணும் புரியல. கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ போயிடாதேன்னுட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிச்சார். அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல.”

அகராதி அவள் கையைத் தொடப் போனாள். நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள்.

“அதுக்காக நீ சொன்னது சரின்னு ஆயிடாது. நான் சொன்னது ஆஸ்பத்திரியில. ரொட்டித் தட்டு மேல இல்ல.”

எழுந்தவள் கதவருகில் நின்றாள். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, நாத்தனாருக்கு இருந்தது. அந்த நாலு மாத விஷயம் அவளுக்குப் போன வாரமே தெரியும் போலிருக்கிறது. தம்பியிடம் கேட்டாயா என்றாள். இன்னும் இல்லை என்றாள் அகராதி.

“கேளு. வேண்டாம்னு சொல்ல மாட்டான். என் தம்பி அந்த மாதிரி ஆளு இல்ல.”

அது உண்மை, அதுதான் சிக்கலும். மருந்துக்கடைக்காரர் அவளை எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நூலகத்துக்குப் போகட்டுமா என்றால் போயிட்டு வா என்பார். தோழி வீட்டுக்குப் போகட்டுமா என்றால் போயிட்டு வா என்பார். இந்த மொழிபெயர்ப்பை ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்டபோதும், தாராளமாப் பண்ணு என்றுதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார், ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள். அவருக்கு எங்கேயாவது போக வேண்டியிருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு, வர நேரமாகும் என்பார். அவ்வளவுதான். இதைக் குறையென்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், உனக்கென்ன குறை, தங்கம் மாதிரி புருஷன் என்பார்கள். மர வியாபாரியையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டை அவள் தானே கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். வழியில் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, “என்னம்மா, உங்க வீட்டுல மரியாதைக்கு விலை ஏறிடுச்சாமே” என்றாள். இரண்டு கடை தள்ளி யாரோ சிரித்தார்கள். விற்பனையாளர் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அகராதி சிரித்து வைத்துவிட்டு நடந்தாள்.

கடையில் கூட்டம் குறைந்த நேரம். வீங்கின கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒரு பல்வலிக்காரர் மட்டும் நின்றார். மருந்துக்கடைக்காரர் அவருடைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் அவர் படித்துவிடுவார். மனைவி எழுதியதில் மட்டும் ஒரு பக்கம் கூடப் படித்ததில்லை. இலக்கியமெல்லாம் எனக்கு வராதும்மா என்பார்.

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பதிப்பகம், நாலு மாதம், தங்க இடம், இன்று சாயங்காலத்துக்குள் பதில். வீட்டில் ஒரு வாரமாக வராத பேச்சு, பல்பசை அட்டைகளுக்கும் இருமல் மிட்டாய் ஜாடிக்கும் நடுவில் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். நடுவில் நிமிரவில்லை.

“கேக்கறியா, சொல்றியா?” என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா என்று வாடிக்கைக்காரர்களிடம் கேட்பாரே, அதே குரல்தான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவரே தொடர்ந்தார். “கேட்டேன்னா, போயிட்டு வான்னுதான் சொல்லப் போறேன். நான் என்னைக்கு உன்னை வேண்டாம்னு சொல்லியிருக்கேன்?”

பாருங்கள், எவ்வளவு சுலபம். கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போயிட்டு வா என்பார். பையைக் கட்டலாம், வண்டி ஏறலாம், நாலு மாதம் நினைத்த நேரத்தில் எழுதலாம், நினைத்த தெருவில் நடக்கலாம். எல்லாமே கிடைக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் நாக்கைத் தூக்கினாள். அது எழுந்துகொள்ள மாட்டேன் என்றது.

“நான் கேக்கலைங்க” என்றாள். “சொல்றேன்.”

பல்வலிக்காரரின் கை கன்னத்திலிருந்து இறங்கியது.

மருந்துக்கடைக்காரர் கத்தரியை நேராகப் போடாமல் ஒரு மாத்திரையின் நடுவிலேயே போட்டுவிட்டார். அதை எடுத்துக் குப்பையில் போட்டார். வேறு அட்டை எடுத்து, கத்தரித்து, உறையில் போட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று பல்வலிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அந்த மனுஷனுக்குப் போக மனசே இல்லை.

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றே?” என்றார் பிறகு.

“உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்வேன்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். குரல் தணிந்திருந்தது. “காலையில நீ அப்படிச் சொன்னியே, எனக்குக் கோபம் வரல. அக்கா நினைச்சா, அந்த ஆளு நினைச்சான், ஆனா எனக்கு வரல. யாரோ வேற ஒருத்தி என் முன்னாடி நிக்கிற மாதிரி இருந்தது. பயந்துட்டேன்.”

“நான்தாங்க நின்னேன்.”

“அதான் பயம்” என்றார்.

ஒரு பெண் குழந்தையோடு வந்து ஜுர மருந்து கேட்டாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போ என்றார். கல்யாணமான நாளாக அவள் கிளம்பும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த ‘போயிட்டு வா’ அன்று வரவில்லை. அவள் படியிறங்கி, வந்துவிடும் என்று கொஞ்சம் நின்றும் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற தெருவை அவள் கால்கள் தாண்டிப் போயின. ரயில் பாலம் வரை போய், பாலத்தில் ஏறி, இறங்கி, மறுபடி வந்தாள். மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம், பிடித்த முயலுக்கு மூன்று காலா என்று ஒரு குரல். ஒரு நல்லவரை வாடிக்கைக்காரர் எதிரில் நிறுத்தி வைத்துச் சொன்னாயே, அது நியாயமா என்று ஒரு குரல். அவர் வேண்டாம் என்று முரட்டுத்தனமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், நாலு பேர் அவள் பக்கம் சேர்ந்திருப்பார்கள். பயமாக இருக்கிறது என்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு அவர் மேல் பாசமாக இருந்தது. அந்தப் பாசத்தின் மேலேயே கோபமாகவும் வந்தது.

ஆனால் திரும்பிப் போய்க் ‘கேக்கறேன்’ என்று சொல்லிவிடலாம் என்று மட்டும் ஒரு தடவை கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரக்கறைக்குள் போனாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பதிப்பகத்து அம்மாளைக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொன்னாள். திங்கட்கிழமை காலை வண்டி என்றும் சொன்னாள். பிறகு உட்கார்ந்து, மர வியாபாரியின் மனைவியை ‘நீ’ என்றே பேச வைத்து, அத்தியாயத்தை அனுப்பிவிட்டாள். அனுப்பின பிறகு பயம் வந்தது. அனுப்புவதற்கு முன்னால் வரவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடையில் அவன் என்ன சொன்னான் என்றாள். போயிட்டு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றாள் அகராதி. நாத்தனார் முகம் மாறியது. அவளுக்குத் தம்பியைச் சின்ன வயசிலிருந்து தெரியும். கத்துகிற தம்பியையும் தெரியும், சிரிக்கிற தம்பியையும் தெரியும். ஒன்றும் சொல்லாத தம்பி அவளுக்கும் புதுசு.

விளக்குப் போடுகிற நேரத்துக்கே அவர் வந்துவிட்டார். கடையை அவர் அவ்வளவு சீக்கிரம் சாத்தியதில்லை. செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், நேராகச் சரக்கறைக்கு வந்தார். வாசலில் நின்று, திறந்தே இருந்த கதவை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். அகராதி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வந்து இருமல் மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் நாத்தனார் முழங்கால் பயிற்சியை நிறுத்திவிட்டது தெரிந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க எப்ப கிளம்பறீங்க?” என்றார்.

அகராதி பின்னால் திரும்பிப் பார்த்தாள், நாத்தனார் வந்து நிற்கிறாளோ என்று. யாரும் இல்லை. அவளைத்தான் கேட்டிருக்கிறார்.

புருஷன் பெண்டாட்டியை ‘நீங்க’ என்றால் அதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. இனி நீ யாரோ, நான் யாரோ என்று தள்ளி நிறுத்துவது ஒன்று. நம் வீட்டில் பல தம்பதிகள் சண்டையின் உச்சியில் இந்த மரியாதைக்குத்தான் ஏறுவார்கள், அதன் பிறகு பேச்சே இருக்காது. இன்னொரு பொருள் நிஜமான மரியாதை, அது அகராதிப் புத்தகத்தில் இருக்கிறது. வீடுகளில் அவள் கேட்டதில்லை. நாளெல்லாம் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியவளுக்கு இந்தச் சொல்லை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் சாயங்கால வேர்வை மட்டும் இருந்தது.

“கோபமாச் சொல்றீங்களா?” என்று கேட்டேவிட்டாள்.

“தெரியல” என்றார். “கடையிலிருந்து வர்ற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒரு தடவை சொன்னா கோபம் மாதிரி இருக்கு. இன்னொரு தடவை சொன்னா வேற மாதிரி இருக்கு. எனக்கே பிடிபடல.”

அப்படிச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தார். அவருடைய சரக்கறையில், முறைக்காகக் காத்திருக்கிற வாடிக்கைக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாளும் வண்டியும் அவளுக்குத் தெரியும். பதிப்பகத்து அம்மாளிடம் தடுமாறாமல் சொன்னவள்தான். இங்கே வாய் எழவில்லை. போகட்டுமா என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய் அது. எப்போது போகிறீர்கள் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

“திங்கக்கிழமை” என்றாள்.

அதன் பின்னால் ஒரு ‘ங்க’ சேர்ப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நிறுத்தினாள். அவரும் அதற்காகத்தான் காத்திருக்கிற மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.